கையைத் தூக்கினால் ஜாக்கெட்டே மேலே ஏறுகிறது: கைக்குழியை இறக்கியும் ஏன் சரியாகவில்லை?

கேள்வியின் சுருக்கம் இது. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கப் பழகுகிறீர்கள். அளவு ஜாக்கெட்டை விரித்து வைத்து அளந்து வெட்டினீர்கள். மார்பு 36, இடுப்பு, உயரம் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் மேலே ஏறுகிறது, கையை இறக்கினாலும் கீழே வருவதில்லை, இழுத்துவிட வேண்டியிருக்கிறது. கைக்குழியின், அதாவது கைத்துணியை இணைக்க உடம்புத் துணியில் வெட்டும் வளைவின், ஆழம் 7½ இஞ்ச் வைத்திருந்தீர்கள். இறுக்கம்தான் காரணம் என்று நினைத்து அடுத்த ஜாக்கெட்டில் 8 ஆக்கினீர்கள். இன்னும் மோசமாகிவிட்டது.

மோசமாகத்தான் ஆகும். கைக்குழியை இறக்கினால் கைக்கு இடம் கிடைக்கும் என்பது தைக்கத் தொடங்குகிற எல்லோருக்கும் வருகிற எண்ணம், அது தலைகீழ். கைக்குழி மேலே, அக்குளை ஒட்டி இருந்தால்தான் கை சுலபமாக அசையும்.

கதவுக் கீலை நினைத்துக்கொள்ளுங்கள். கை அசைவது தோள்மூட்டிலும் அக்குளிலும். கைக்குழியின் அடிப்புள்ளி அக்குளுக்கு அரை இஞ்ச் கீழே இருந்தால், கையைத் தூக்கும்போது அந்த இடத்துத் துணி கிட்டத்தட்ட அசையாது. அதே புள்ளி அக்குளுக்கு 2 இஞ்ச் கீழே, விலாவில் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. கை மேலே போகிறது, கைத்துணி புஜத்தோடு ஒட்டியிருக்கிறது, அது விலாவில் இருக்கும் தையலை மேலே இழுக்கிறது. தையல் பக்கத் துணியை இழுக்கிறது. பக்கத் துணி கீழ்ப்பட்டியை இழுக்கிறது. மார்புக்குக் கீழே இறுக்கமாக நிற்க வேண்டிய பட்டி மார்பின் மேல் ஏறிக்கொள்ளும், ஏறியது தானாக இறங்காது. சட்டை, சுடிதார் போலத் தொளதொளப்பாக இருக்கும் உடையில் இந்தத் தவறு தெரியாமல் போகும், உடம்போடு ஒட்டித் தைக்கும் ஜாக்கெட்டில் மறைக்க முடியாது.

இனி அந்த 7½ எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அளவு ஜாக்கெட்டிலிருந்துதான். போட்டுத் துவைத்துப் பழகிய ஜாக்கெட்டில் மற்ற அளவுகளை ஓரளவு நம்பலாம், கைக்குழியை நம்பக் கூடாது. கைக்குழியின் வளைவு ஓர் இடத்தில் நேர் நூலிலும், இன்னோர் இடத்தில் குறுக்கு நூலிலும், நடுவில் சாய்விலும் போகிறது. சாய்வில் வெட்டிய துணி இழுத்தால் நீளும். நூறு முறை போட்டுக் கழற்றிய ஜாக்கெட்டின் கைக்குழி, தைத்த நாளில் இருந்ததைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். போதாததற்கு, பல டெய்லர்கள் தோள் தையலைத் தோளின் உச்சியில் வைக்காமல் சற்று முன்பக்கம் தள்ளி வைப்பார்கள். அந்தத் தையலிலிருந்து பின்பக்கம் அளந்தால் ஆழம் அதிகமாகவும், முன்பக்கம் அளந்தால் குறைவாகவும் வரும்.

ஆகவே இந்த ஒரு அளவை மட்டும் உடம்பிலிருந்து எடுங்கள். ஒரு 12 இஞ்ச் ஸ்கேலை அக்குளில் படுக்கையாக வைத்து, கையை இறக்கி மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். இன்னொருவர், தோள் எலும்பின் நுனியிலிருந்து ஸ்கேலின் மேல் விளிம்பு வரை நேராக டேப் பிடிக்கட்டும். வளைத்து அளக்கக் கூடாது, நேர் உயரம் மட்டும். 6 வந்தால் அதோடு அரை இஞ்ச் சேர்த்து 6½ வைக்கலாம். லைனிங் போட்ட பட்டு ஜாக்கெட் என்றால் முக்கால் இஞ்ச் சேர்க்கலாம், துணி இரண்டு மடங்கு தடிமன் என்பதால். அளக்க ஆள் இல்லாவிட்டால் மார்புச் சுற்றில் ஆறில் ஒரு பங்கோடு அரை இஞ்ச் என்ற கணக்கு இருக்கிறது: 36க்கு 6½. தொடக்கத்துக்கு அது போதும், ஆனால் கணக்குக்குத் தோள் சரிந்தவர், தோள் நிமிர்ந்தவர் என்ற வித்தியாசம் தெரியாது. ஸ்கேலுக்குத் தெரியும்.

அளவு சரியாக இருந்தும் வெட்டும்போது அரை இஞ்ச் நழுவுவது உண்டு. கைக்குழியில் தையல், வெட்டிய விளிம்பிலிருந்து உடம்புப் பக்கம் அரை இஞ்ச் உள்ளே விழுகிறது. அதாவது தைத்த பிறகு கைக்குழி, நீங்கள் வெட்டியதைவிட அரை இஞ்ச் கீழே இருக்கும். தோளிலும் அரை இஞ்ச் தையலுக்குப் போகும். எனவே துணியின் மேல் விளிம்பிலிருந்து 6½ அளந்து அங்கேயே வெட்டினால் இரண்டும் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு, தைத்த பிறகும் 6½ நிற்கும். தோள் தையலுக்குக் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து 6½ அளந்து அங்கே வெட்டினால் தைத்ததும் 7 ஆகிவிடும். இரண்டு கோடுகளையும் சாக்பீஸால் தனித்தனியாகப் போடுங்கள்: தையல் விழும் கோடு, கத்தரி ஓடும் கோடு. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகள் தானாக ஒழியும்.

36 மார்புக்கு மற்ற அளவுகள் தோராயமாக இப்படி வரும். கால் பங்கு மார்பு 9, அசைவுக்குக் கால் இஞ்ச், ஆக 9¼இல் தையல் கோடு. அதற்கு வெளியே பிரித்துப் பெரிதாக்க ஒன்று முதல் ஒன்றரை இஞ்ச் உள்துணி. முழுத் தோள் 13½ என்றால் பாதி 6¾. தோள் நுனி, கழுத்துப் பக்கத்தைவிட அரை முதல் முக்கால் இஞ்ச் சரியும். பின்கழுத்து 8 இஞ்சுக்கு மேல் இறங்கினால் தோளை ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தோள் நழுவி, அதனாலும் கைக்குழி தொங்கும். முன்கழுத்தையும் பின்கழுத்தையும் சேர்த்து ஆழமாக்கிவிட்டுத் தோள் நிற்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை, அதைப் பிடித்துக்கொள்ள அங்கே துணியே இல்லை. பின்னால் கயிறு கட்டுவது அழகுக்கு மட்டும் இல்லை.

முன்பக்கக் கைக்குழியைப் பின்பக்கத்தைவிட அரை இஞ்ச் உள்ளே குடைய வேண்டும். முன்னால் தோளுக்கும் மார்புக்கும் நடுவே உடம்பு பள்ளம், துணி மிகுந்தால் அங்கே மடிப்பு நிற்கும். பின்னால் நிலைமை எதிர்மாறு: கையை முன்னே நீட்டும்போது முதுகு அகலமாகும். பின்பக்கத்தையும் முன்பக்கத்தைப் போலவே குடைந்துவிட்டால் ஸ்கூட்டர் ஓட்டும்போது முதுகுத் தையல் நெரியும். துணியை நான்காக மடித்து முன்பின் இரண்டையும் ஒரே வளைவில் வெட்டுவதால் வரும் வினை இது. சேர்த்து வெட்டுவதில் தவறில்லை, முதலில் பின்பக்க வளைவில் நான்கையும் வெட்டிவிட்டு, பிறகு முன்பக்கத்தை மட்டும் தனியே எடுத்துக் குடையுங்கள்.

கைக்குழியைப் பற்றிச் சொன்னது பாதிதான். மீதிப் பாதி கைத்துணியில் இருக்கிறது, அதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. மடித்த கைத்துணியின் மேல்பாகத்தில் ஒரு மேடு வரும், தோள் நுனியிலிருந்து அக்குள் கோடு வரை. அந்த மேட்டின் உயரம்தான் கை எவ்வளவு தூக்கலாம் என்பதை முடிவு செய்கிறது. மேடு உயர்ந்தால் கை தொங்கும்போது ஒரு சுருக்கமும் இல்லாமல் கடைப் பொம்மைக்குப் போட்டது போல் இருக்கும், ஆனால் தூக்க முடியாது. மேடு தாழ்ந்தால் கை தாராளமாகப் போகும், தொங்கவிடும்போது அக்குளில் கொஞ்சம் துணி மடியும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது, நடுவில் ஓர் இடத்தில் சமாதானம் ஆக வேண்டும்.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். முன்பின் கைக்குழித் தையல் கோட்டை டேப்பை நிறுத்திப் பிடித்து அளந்தால் மொத்தம் 16 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி 8. மடித்த துணியில் மேட்டின் உச்சியிலிருந்து அக்குள் புள்ளி வரை போகும் சாய்கோடு 8 ஆக இருக்க வேண்டும். மேடு 4½ என்றால் கைத்துணியின் பாதி அகலம் சுமார் 6.6, முழுச் சுற்று 13.2. மேடு 3½ என்றால் முழுச் சுற்று 14.4. மேடு 2½ என்றால் 15.2. புஜம் 12 இஞ்ச் உள்ளவருக்கு 13.2 என்பது ஒட்டிப் பிடிக்கும், 14.4 தாராளம். வீட்டு வேலைக்கும் வெளியே போய்வரவும் 3½ நல்ல இடம். விழாவுக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகும் பட்டு ஜாக்கெட்டுக்கு 4 வைக்கலாம். நடனமாடுபவருக்கு 3, தேவைப்பட்டால் 2½.

இன்னொன்றும் நடக்கிறது. கை நீளம் 6 இஞ்ச், மேடு 4½ என்றால் அக்குள் பக்கத்தில் மிஞ்சும் நீளம் ஒன்றரை இஞ்ச்தான். மேடு 3½ என்றால் 2½ இஞ்ச். கையைத் தூக்கும்போது நீள வேண்டியது அந்த அக்குள் பக்கம்தான், அங்கே துணியே இல்லையென்றால் ஜாக்கெட்டிலிருந்து கடன் வாங்கும். நீங்கள் கைக்குழியை 8 ஆக்கியபோது கைத்துணியின் மேட்டையும் அதற்கேற்ப உயர்த்தியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இரண்டு பக்கமும் அடி.

கணக்கெல்லாம் போட வேண்டாம். மடிப்பின் உச்சியில் ஸ்கேலின் சுழியை வைத்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து 3½ கீழே ஒரு படுக்கைக் கோடு போட்டிருப்பீர்கள். ஸ்கேலைச் சாய்த்துக்கொண்டே போய், 8 என்ற எண் அந்தக் கோட்டைத் தொடும் இடத்தில் புள்ளி வையுங்கள். அதுதான் அக்குள் புள்ளி. சாய்கோட்டின் மேல் பாதியில் அரை முதல் முக்கால் இஞ்ச் வெளியே புடைத்தும், கீழ்ப் பாதியில் கால் இஞ்ச் உள்ளே குழிந்தும் வளைவை இழுங்கள். பின்பக்கத்துக்கு அது போதும். முன்பக்கத்துக்குக் கீழ்க் குழிவை அரை இஞ்ச் ஆக்குங்கள். இப்படி வளைத்தால் கைத்துணியின் வளைவு கைக்குழியைவிட மொத்தத்தில் அரை இஞ்ச் அளவு நீளமாக வரும், அது வேண்டும். தோள் உருண்டையாக இருப்பதால் மேட்டில் கொஞ்சம் துணி கூடுதலாக வேண்டும். பருத்தியில் முக்கால் இஞ்ச் வரை இருந்தாலும் விரலால் ஒதுக்கித் தைத்துவிடலாம். நெருக்கமாக நெய்த பட்டில் அரை இஞ்சைத் தாண்டினால் தோளில் சுருக்கம் எழும்பும், இஸ்திரிப்பெட்டிக்கும் அது அடங்காது. மேலே சொன்ன எண்களெல்லாம் தையல் கோட்டுக்கு. வெட்ட அரை இஞ்ச் வெளியே போங்கள்.

முன்பக்கக் குழிவு அதிகம் இருக்கிற கையை இடது, வலது என்று குறித்து வையுங்கள். முன் விளிம்பில் சிறு கத்தரி வெட்டு ஒன்று போதும். கை மாறித் தைத்துவிட்டால், முன்னால் அக்குளில் துணி குவியும், பின்னால் இழுக்கும். அளவு தப்பு என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

சேலையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 செ.மீ. நீளம்தான். கரை கைக்கு வர வேண்டும் என்பதால் கைத்துணியின் நீளம் ஊடை (குறுக்கு நூல்) வாக்கில் விழும், உடம்புத் துணியைப் பாவு (நேர் நூல்) நேராக வைப்பார்கள். பெரும்பாலான துணியில் பாவைவிட ஊடை சற்று நெகிழும், எனவே கைத்துணி நீளவாக்கில் லேசாக நெகிழும், பாவு வாக்கில் விழும் கைச் சுற்று அவ்வளவாக நெகிழாது. லைனிங் துணியைத் தண்ணீரில் முக்கி, காயவைத்து, இஸ்திரி போட்டு, அதன்பின் வெட்டுங்கள். சுருங்காத பட்டுக்குச் சுருங்கும் லைனிங் போட்டால் முதல் சலவையிலேயே கைக்குழி கோணும், அப்போது எந்த அளவைக் குற்றம் சொன்னாலும் தீராது.

தைக்கும் வரிசையும் முக்கியம். தோளை முதலில் இணையுங்கள். பக்கத்தை மூடாமல், துணி தட்டையாக இருக்கும்போதே கையை வைத்துத் தையுங்கள். மேட்டின் நடுவைத் தோள் தையலில் குண்டூசியால் குத்தி, அங்கிருந்து ஒரு பக்கம் அக்குள் வரை, மறுபடி நடுவிலிருந்து மறுபக்கம் வரை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே ஓட்டமாகத் தைத்தால் மிச்சத் துணியெல்லாம் கடைசியில் ஒரு பக்கம் சேரும். பிறகு கை ஓரத்திலிருந்து இடுப்பு வரை பக்கத்தை ஒரே கோடாக மூடுங்கள். கைக்குழியில் உள்துணி அரை இஞ்சுக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் ஒன்றரை இஞ்ச் விடலாம், அது நேர்கோடு. கைக்குழி குழிவான வளைவு. அதில் வெட்டிய விளிம்பு தையல் கோட்டைவிடக் குட்டை. அகலமாக விட்டால் அது தையலை இழுத்துப் பிடித்து அக்குளில் நெரிசல் உண்டாக்கும். அரை இஞ்ச் விட்டாலும் அடிவளைவில் அரை இஞ்சுக்கு ஒன்றாகச் சிறு வெட்டுகள் போடுங்கள், தையலைத் தொடாமல். நூல் எளிதில் பிரியும் பட்டு என்றால் வெட்டைக் குறைத்து, விளிம்பு பிரியாமல் சுற்றிப் பூட்டும் ஓவர்லாக் தையல் போட்டுவிடுங்கள்.

நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் காடாத் துணியிலோ பழைய வேட்டியிலோ ஒன்று வெட்டி, பெரிய தையலில் ஓட்டிப் போட்டுப் பாருங்கள். கழுத்து, பட்டி எதுவும் வேண்டாம், முன்னால் குண்டூசி போதும். கண்ணாடி முன் நேராக நிற்பதோடு முடித்துவிடாதீர்கள். கொடியில் துணி காயப்போடுவது போல இரண்டு கையையும் தூக்குங்கள்: கீழ் ஓரம் அரை முதல் முக்கால் இஞ்ச் ஏறினால் சரி, ஒன்றரை ஏறினால் கைக்குழி இன்னும் தாழ்வு. வண்டி ஓட்டுவது போல முன்னே நீட்டுங்கள்: முதுகு இறுகினால் பின்பக்க அகலத்தில் கால் இஞ்ச் கூட்டுங்கள். கையை இறக்கி நில்லுங்கள்: அக்குளுக்கு முன்னால் நின்ற வாக்கில் மடிப்பு இருந்தால் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் குடைய வேண்டும். மார்பின் நுனியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் ஓடினால் கைக்குழி அப்பாவி. அங்கே டாட், அதாவது மார்பு வடிவுக்காகத் துணியைக் கூம்பாக மடித்துப் பிடிக்கும் தையல், போதவில்லை. கைக்குழி டாட்டை கால் இஞ்ச் கூட்டிப் பிடியுங்கள், நுனியை மார்பு முனைக்கு ஒரு இஞ்ச் முன்பே முடியுங்கள். அக்குள் தோலில் உறுத்தினால் மட்டும் கைக்குழியைக் கால் இஞ்ச் இறக்குங்கள். கால் இஞ்ச்தான், இறக்குவது எளிது, வெட்டிய துணியை ஏற்ற வழியில்லை.

இனி, தைத்துவிட்ட அந்த இரண்டு ஜாக்கெட்டுகள். 7½ ஆழம் உள்ளதைக் காப்பாற்றலாம். தோள் தையலைப் பிரித்து, முன்னும் பின்னும் அரை அரை இஞ்ச் கூடுதலாகப் பிடியுங்கள். கைக்குழி அரை இஞ்ச் மேலே வரும். கூடவே கழுத்தும் டாட் முனையும் அரை இஞ்ச் ஏறும், உயரம் அரை இஞ்ச் குறையும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கைக்குழிச் சுற்றும் ஒரு இஞ்ச் குறைவதால் கைத்துணி மிஞ்சும். அதை மேட்டில் சுருக்கி நுழைக்க வேண்டாம்; கையை முழுவதும் கழற்றி, மேட்டின் உச்சியை அரை இஞ்ச் வெட்டித் தாழ்த்தி, வளைவைத் திருத்தி மறுபடி வையுங்கள். கை நீளம் அரை இஞ்ச் குறையும், தூக்குவதற்கு அதுவே உதவி.

8 ஆழம் உள்ளதற்கு இது போதாது. அதற்கு அக்குளில் சதுரத் துண்டு வைப்பதுதான் வழி. ஜிப்பா, குர்த்தாக்களில் அக்குளில் ஒரு சதுரம் இருக்குமே, அதே வேலை. மிச்சத் துணியில் 3 இஞ்ச் சதுரம் இரண்டு வெட்டுங்கள், சுற்றிலும் அரை இஞ்ச் தையலுக்குப் போக 2 இஞ்ச் நிற்கும். அக்குளில் கையின் அடித் தையலை 2 இஞ்சும், பக்கத் தையலை 2 இஞ்சும் பிரியுங்கள். கைக்குழித் தையலைத் தொட வேண்டாம். இப்போது நீளவாக்கில் ஒரு திறப்பு கிடைக்கும். சதுரத்தை வைரம் போலத் திருப்பி, ஒரு முனை கையின் பக்கம், எதிர் முனை இடுப்பின் பக்கம், மற்ற இரண்டும் முன்பின் கைக்குழித் தையலின் மேல் விழும்படி குண்டூசி குத்துங்கள். நான்கு பக்கத்தையும் தனித்தனியாகத் தையுங்கள், ஒவ்வொரு மூலையிலும் துணி விளிம்புக்கு அரை இஞ்ச் முன்பே நிறுத்தி இரண்டு தையல் பின்னே வந்து பூட்டுங்கள். மூலையைத் தாண்டி ஒரு தையல் போனாலும் அந்த இடம் கொக்கி போல இழுக்கும். கையை இறக்கினால் துண்டு அக்குளில் மடிந்து மறைந்துவிடும். நிறம் சரியாகக் கிடைக்கவில்லையென்றால் லைனிங் துணியிலேயே வெட்டுங்கள், பருத்தியாக இருந்தால் வியர்வைக்கும் நல்லது.